கொயிலின் தடை ஏன் நிலைகொள்வதில்லை?

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள அவருடைய வேப் கருவியில் (மின்சிகரெட்டில்), திரவத்தைச் சூடாக்கும் நிக்கல் கம்பிச் சுருளான கொயிலின் தடை ஒரு வேளை 0.10 ஓம் என்றும் மறு வேளை 0.13 ஓம் என்றும் காட்டுகிறதாம். சில நாட்களில் இழுத்த உடனேயே சூடு நின்றுவிடுகிறது, சில நாட்களில் திரவத்தை உறிஞ்சிவைக்கும் பஞ்சு கருகிய சுவை வருகிறது. கருவியை மாற்றுவதா, கொயிலை மாற்றுவதா என்பது அவரது கேள்வி.

இரண்டையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இந்தக் கருவிக்குள் கொயிலைத் தொட்டுப் பார்க்கும் வெப்பமானி எதுவும் இல்லை. சூடேறும்போது உலோகத்தின் தடை கூடும் என்ற ஒரே இயல்பை வைத்துத்தான் அது வெப்பநிலையைக் கணிக்கிறது. நிக்கலின் தடை ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.6 வீதம் கூடுவதால், 20 பாகையில் 0.10 ஓம் உள்ள கொயில் 220 பாகையில் 0.22 ஓம் ஆகிறது. அப்படியானால் 0.01 ஓம் பிழை சுமார் 17 பாகைப் பிழைக்குச் சமம், உங்களுடைய இரு அளவுகளுக்கும் இடையிலான 0.03 ஓம் என்பது 50 பாகை. கொயில் ஆறியிருக்கும்போதுள்ள தடையைக் கருவியில் ஆரம்ப அளவாகப் பதிந்த பின் இணைப்பு தளர்ந்தால், கொயில் சூடாகிவிட்டதென்று நம்பிக் கருவி முன்கூட்டியே நிறுத்திவிடும். தளர்ந்த நிலையில் 0.13 என்று பதிந்து, பிறகு இணைப்பு இறுகினால், கொயில் 300 பாகையையும் தாண்டும். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே வேரிலிருந்து வருபவை.

எனவே முதலில் கொயிலின் கால்களைப் பிடித்திருக்கும் திருகாணிகளைப் பாருங்கள். நிக்கல் மென்மையான உலோகம் என்பதால், சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தில் சற்று நசிந்து கொடுக்கும். இன்று இறுக்கியது நாளை தளர்ந்திருக்கும். அதற்காக மிகையாக இறுக்கினால் கால் அறுந்துவிடும். அடுத்து, கொயிலும் திரவமும் இருக்கும் தொட்டியைக் கருவியில் பூட்டும் மரையையும் அதன் நடு ஊசியையும் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். கசிந்த திரவத்தோடு நம் வீதிகளின் செம்புழுதி சேர்ந்து பசையாகப் படிவதை நான் பல கருவிகளில் பார்த்திருக்கிறேன். கொயிலின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளியுடன் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து, அசையும்போதெல்லாம் தடை மாறும். சாதாரண மல்ரிமீற்றரால் இதைச் சோதிக்க முயல வேண்டாம், ஏனெனில் அதன் வயர்களின் தடையே உங்கள் கொயிலின் தடையை மிஞ்சிவிடும்.

பலரும் கவனிக்காத காரணம் ஒன்று, வன்னியில் வாழும் நமக்கு மிகவும் பொருந்துவது. பல கருவிகள் தடையைப் பதியும்போது கொயில் 20 பாகை அளவில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. நண்பகல் 32 பாகை வெக்கையில் பதிந்தால், 220 என்று நீங்கள் வைத்தது உண்மையில் 245 பாகையைத் தொடும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்த கருவி என்றால் இன்னும் மோசம். ஆகவே கருவியைத் தொடாமல் இரவு முழுவதும் ஆறவிட்டு, விடியற்காலையில் தடையைப் பதிந்து பூட்டிவிடுங்கள். பகலில் பதிய நேர்ந்தால் வெப்பநிலையை 25 பாகை குறைத்து வையுங்கள். கருகிய சுவை வந்தால் அந்தப் பஞ்சை உடனே எறிந்துவிடுங்கள். அந்தப் புகை உள்ளே போகவே கூடாது.

துருப்பிடிக்காத உருக்குக் கம்பிக்கு மாறினால் சரியாகும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதன் தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.1 வீதமே கூடுவதால், 0.5 ஓம் கொயிலில்கூட 0.01 ஓம் பிழை சுமார் 20 பாகை வழுவச் செய்யும். இவ்வளவும் செய்த பிறகும் தடை ஆடினால், நண்பர் ஒருவரின் தொட்டியை உங்கள் கருவியில் பூட்டிப் பாருங்கள். அதிலும் ஆடினால் பழுது கருவியின் நடு ஊசியிலோ அதன் ஈயப்பற்றிலோ இருக்கிறது. அப்போதுதான் அதைத் திருத்தக் கொடுக்க வேண்டும்.