ஃபிட்னஸ் ஊடகத்துக்கு முதல் சம்பளம் யாருக்கு?

கேள்வி: உடல்நலம், உடற்பயிற்சி சார்ந்த ஊடக நிறுவனம் தொடங்கப் போகிறேன். இணையதளம், யூட்யூப், செய்திமடல் மூன்றும் திட்டத்தில் உண்டு. முதலில் எதைச் செய்யவேண்டும்?

கேமரா வாங்கியிருப்பீர்கள், லோகோ தயாராகியிருக்கும், முதல் பத்து வீடியோவுக்குத் தலைப்பும் எழுதி வைத்திருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் முதல் சம்பளத்தை எடிட்டருக்கோ பயிற்சியாளருக்கோ கொடுக்காதீர்கள். ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தோடு நிற்காமல் முழுசாகப் படித்து, "இது இங்கே சொல்லப்படவில்லையே" என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒருவருக்குக் கொடுங்கள். முழுநேர ஆளாக இருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

"ஒரு டாக்டர் பெயரைக் கீழே போட்டால் ஆயிற்று" என்று சிலர் சொல்வார்கள். படிக்காமல் பெயர் மட்டும் தரும் டாக்டரால் ஒரு பயனும் இல்லை. இதயநோய் நிபுணர் முழங்கால் பயிற்சிக் கட்டுரைக்குக் கையெழுத்துப் போடுவதும் அப்படித்தான். கூகிள் தன் தேடல் தர மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் கையேட்டில், உடல்நலத்தைப் 'பணமா உயிரா', அதாவது தகவல் தப்பினால் வாசகரின் பணத்துக்கோ உயிருக்கோ கேடு என்ற கடுமையான வகையில் வைத்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த தேடல் மாற்றத்துக்கு தேடல் துறையினர் 'மெடிக்' என்றே பெயர் வைத்தார்கள், அந்த அளவுக்கு உடல்நலத் தளங்கள் அடி வாங்கின. 2022 டிசம்பரில் நிபுணத்துவம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு 'அனுபவம்' என்பதையும் கையேட்டில் சேர்த்தார்கள். அந்தக் கையேடு நேரடியாக ரேங்க் தருவதில்லை, அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் எழுதியவர் யார், அவர் தகுதி என்ன, சரிபார்த்தவர் யார், எந்தத் தேதியில் என்ற நான்கும் இல்லாத பக்கத்தை வாசகரே நம்பப் போவதில்லை.

சரிபார்ப்பு எப்படி நடக்கவேண்டும்? கட்டுரையில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் அட்டவணையில் ஒரு வரி. எந்த ஆய்வு, எத்தனை பேர், அவர்கள் யார், எவ்வளவு காலம், எதை அளந்தார்கள், காசு கொடுத்தது யார். உதாரணத்துக்கு, 'தினமும் 10,000 காலடி நடக்காவிட்டால் பலனில்லை' என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வையுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1965-இல் ஜப்பானில் விற்ற 'மான்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியில் போய் நிற்கும். பெயரின் பொருளே பத்தாயிரம் காலடி மீட்டர்தான். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடியோடு அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. தலைப்பு அங்கேயே மாறிவிடுகிறது. சரிபார்ப்பவர் அதோடு விடக்கூடாது. இது கண்காணிப்பு ஆய்வு, நடந்ததால்தான் இறப்பு குறைந்தது என்று நிரூபிக்காது. 25 வயது ஆணுக்கு இதை அப்படியே பொருத்தவும் முடியாது. இந்த இரண்டு வரியும் கட்டுரைக்குள் வந்தால்தான் அது உங்கள் கட்டுரை. இல்லாவிட்டால் எல்லோரும் போட்ட செய்தியின் இன்னொரு நகல்.

சதவீதத்துக்கும் ஒரு விதி வையுங்கள்: எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற அடிப்படை எண்ணிக்கை இல்லாத சதவீதம் வெளியாகக்கூடாது. 'அபாயம் 50 சதவீதம் கூடுகிறது' என்பது, ஆயிரத்தில் 2 பேருக்கு வந்தது 3 பேருக்கு வருகிறது என்பதாகவும் இருக்கலாம்.

இப்படிச் செய்தால் ஒரு கட்டுரைக்கு அரை நாளாவது போகும். ஆகவே தினம் ஒன்று என்ற கனவை விட்டுவிடுங்கள், வாரம் இரண்டு போதும். அல்காரிதம் மறந்துவிடும் என்பார்கள். மறக்கட்டும்.

வீடியோவில் வேறு தொல்லை. ஸ்குவாட் காட்டும்போது கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கவேண்டும். ஒன்று முழுப் பக்கவாட்டில், இன்னொன்று 45 டிகிரியில். பாதம் முழுசாகச் சட்டகத்துக்குள் வரவேண்டும், குதிகால் தரையை விட்டு எழும்புவதுதான் பலரும் செய்யும் பிழை, அதையே வெட்டிவிட்டால் வீடியோ எதற்கு? கிட்டத்தில் வைட் லென்ஸ் போட்டால் முழங்கால் கோணம் வளைந்து தெரியும், தள்ளி நின்று எடுங்கள். ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் வினாடிக்கு 60 பிரேம், ஷட்டர் வேகம் 1/120 வினாடி. குரலைத் தனியாகப் பதிவுசெய்யுங்கள். மூச்சிரைக்கப் பேசினால் புரியாது, காலர் மைக் சட்டையில் உரசும். ஜிம் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், பின்னணிப் பாட்டுக்குக் காப்புரிமை கோரிக்கை வந்தால் உங்கள் குரலோடு சேர்ந்த ஒலியைச் சுத்தமாகப் பிரிப்பது சிரமம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்தவேண்டும் என்ற எச்சரிக்கையைக் கடைசியில் வைக்காதீர்கள், கடைசிவரை யார் பார்க்கிறார்கள்? பயிற்சி செய்து காட்டுபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் தாங்கவில்லை. அடுத்தவர் வீடியோவை இடம் வலம் திருப்பிப் போட்டு, மூலையிலிருந்த லோகோவை வெட்டிவிட்டு, மேலே எந்திரக் குரலை ஒட்டி ஓட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. திருடுவதையாவது ஒழுங்காகத் திருடினார்களா? 'வலது காலை முன்னால் வையுங்கள்' என்கிறது குரல், திரையில் இடது கால் போகிறது! லோகோவை மூலையில் வைக்காமல் உடலின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மங்கலாக வையுங்கள். வெட்டினால் பயிற்சியும் சேர்ந்து போய்விடும்.

செய்திமடலை ஆரம்பத்திலேயே தொடங்குங்கள், அந்த முகவரிப் பட்டியல் ஒன்றுதான் உங்கள் சொத்து. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், யாகூ இரண்டும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் போனால் மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றும் இருக்கவேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள், மடலுக்குள் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021-இல் ஆப்பிள் மெயில், படங்களை முன்கூட்டியே இறக்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு அது வெறும் அலங்கார எண். பதில் எழுதுபவர்களை எண்ணுங்கள். பதிவுப் படிவத்தில் எடை, நோய் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் அந்தத் தகவலைக் காக்கும் சட்டப் பொறுப்பும் உங்கள் தலையில்.

பணம்: யூட்யூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். அதை நம்பிச் சம்பளம் போட முடியாது. அப்போதுதான் சப்ளிமென்ட் கம்பெனி கமிஷனோடு வந்து நிற்கும். தசை வலிமைக்கு எடுக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரைக்கு அப்படியில்லை, இரண்டையும் ஒரே பக்கத்தில் விற்றால் முதலாவதின் மதிப்பும் போகும். எதை ஏற்றாலும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற வெளிச்சோதனைச் சான்று கேளுங்கள், காசு வாங்கியதை வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவில் எடைக்குறைப்பு விளம்பரத்துக்கு 'முன்-பின்' படங்கள் அனுமதியில்லை, அதை நம்பி விளம்பரத் திட்டம் போடாதீர்கள். சந்தாவில் மக்கள் காசு கொடுப்பது தகவலுக்காக என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். 12 வார அட்டவணைக்கும், நடுவில் முழங்கால் வலித்தால் பதில் சொல்ல ஓர் ஆளுக்கும் கொடுப்பார்கள். ஜனவரியில் சேர்ந்தவர் மார்ச்சில் விலக நினைப்பார், 'ரத்து' பொத்தானுக்குப் பக்கத்தில் 'இரண்டு மாதம் நிறுத்திவை' என்று ஒன்று வையுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் தப்பு வரும். கட்டுரையில் என்றால் திருத்தியதை, தேதியோடு, மேலேயே எழுதுங்கள். ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிக்காதீர்கள். யூட்யூபில் பழைய கோப்பின் இடத்தில் புதியதை மாற்றி வைக்க முடியாது. சின்னப் பிழை என்றால் விளக்கக் குறிப்பிலும் பின் செய்த கமென்டிலும் போடுங்கள். அளவிலோ எச்சரிக்கையிலோ பிழை என்றால், எத்தனை லட்சம் பார்வை இருந்தாலும், எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.