மூன்று வயது மகளுக்கு டிவி மொழி கற்றுத் தருமா?

தம்பி, வீட்டில் தமிழ் மட்டும் பேசும் மூன்று வயது மகளுக்கு, நீங்கள் புதிதாகக் குடியேறியிருக்கும் இந்த நாட்டு மொழி வருவதற்காக நாள் முழுக்க கார்ட்டூன் சேனலைப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் சேரும்போது திணறுவாளோ என்ற பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இருந்தாலும் நாள் முழுக்க வேண்டாம்.

டிவியிலிருந்து சொற்கள் வரும், பாட்டு வரும், நிறமும் எண்ணும் வரும். ஆனால் ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்வதும், தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதும், எதிரே இருப்பவரின் முகம் பார்த்துப் பேசுவதும் ஆட்களோடு பழகித்தான் வரும். 2003இல் அமெரிக்காவில் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா கூல் என்பவரின் குழுவினர், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒன்பது மாத வயதில் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதையே திரையில் காட்டியபோது கற்கவில்லை. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் திரையிலிருந்தும் கொஞ்சம் கற்பாள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாகக் கற்பாள்.

இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த நேரத்தில் கூடவே உட்காருங்கள். "அந்தப் பையன் ஏன் அழுகிறான்?" என்று தமிழிலேயே கேளுங்கள். கதை எந்த மொழியில் ஓடினாலும் யோசிக்கும் பழக்கம் வளரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். புதிதாக வந்தவர்கள் வீட்டில் தனிமைக்குத் துணையாக டிவி சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடும்போது பெற்றோர் பிள்ளையிடம் பேசுவது குறைகிறது, பிள்ளையின் விளையாட்டும் அடிக்கடி அறுபடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மகளுக்குத் தமிழ் கிடைப்பதே உங்கள் இருவரிடமிருந்துதான். தயவுசெய்து யாரும் பார்க்காத டிவியை அணைத்துவிடுங்கள்.

சரி, அதற்காக டிவியே கூடாது என்றும் இருக்காதீர்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகள் பேசும் கார்ட்டூன் அவளுக்கும் தெரிந்திருந்தால் விளையாட்டில் சேர்வது சுலபம். அப்புறம், நூலகத்தின் கதை நேரத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் முடிந்தவரை கூட்டிப்போங்கள். இந்த நாட்டு மொழி அங்கேதான் வேகமாக ஒட்டும். தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை நான் டிவி கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே அவள் கேட்டால் அவர்கள் பதில் சொல்கிறார்களே.