பழைய கேம்பர் வேன் நெடுஞ்சாலையில் இழுக்க மறுக்கிறதா? வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வேனைப் பற்றியவை. பின்னால் காற்றில் குளிரும் எஞ்சின், உள்ளே கட்டிலும் அடுப்பும் அலமாரியும். எல்லோருடைய குறையும் ஒன்றுதான்: வேகம் போதவில்லை, ஏற்றத்தில் திணறுகிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில்களைச் சற்று விரிவாகவே தருகிறோம்.

கேள்வி: என் வேன் 1971 மாடல், 1600 சிசி. சமதரையில் 90-ஐத் தாண்டுவதில்லை. லேசான ஏற்றம் வந்தாலே 65-க்கு இறங்கிவிடுகிறது. இரட்டைக் கார்புரேட்டர் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்த எஞ்சின் புதிதாக இருந்தபோதே நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 50 குதிரைத்திறன்தான் கொடுத்தது. ஆனால், அந்த 50-ம் முழுசாக இருந்தால் சமதரையில் 105 முதல் 110 வரை போக வேண்டும். உங்கள் வண்டி 90-இல் நிற்கிறது என்றால், இருக்கிற சக்தியே எங்கோ தொலைகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கார்புரேட்டர் மாட்டினால், பெட்ரோல் செலவு மட்டும்தான் கூடும்.

முதலில் வேகத்தை ஜிபிஎஸ் வைத்துப் பாருங்கள். இந்த வயதில் ஸ்பீடோமீட்டரை நம்ப முடியாது. அடுத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் போய் கார்புரேட்டரின் திராட்டில் கையைப் பாருங்கள். கேபிள் தளர்ந்து, முக்கால்வாசி மட்டுமே திறக்கும் வண்டிகள் ஏராளம். முழுசாக மிதித்த நிலையில் கைக்கும் அதன் தடுப்புக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. சுத்தமாக இடைவெளி இல்லாவிட்டால், மிதிக்க மிதிக்கக் கேபிள் அறுந்துவிடும்.

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் உரசிக்கொண்டிருந்தால் அங்கேயே இரண்டு மூன்று குதிரைத்திறன் போய்விடும்.

பிறகு வால்வு இடைவெளி. எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மில்லிமீட்டர். ஒன்றாம் சிலிண்டரில் தொடங்கி, கிராங்க் புல்லியைப் பின்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பினால் 1, 2, 3, 4 என்று வரிசையாகவே சரிசெய்யலாம். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தால், குறிப்பாக மூன்றாம் சிலிண்டரில், அந்த வால்வு நீள்கிறது அல்லது அதன் சீட் உள்ளே இறங்குகிறது. அந்த ஹெட்டைக் கழற்றாமல் நீண்ட பயணம் போகாதீர்கள். வால்வின் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சினே போய்விடும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி 0.4, பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். அப்புறம்தான் டைமிங், அதாவது பிளக்கில் பொறி அடிக்கும் நேரம். பலர் ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓடுவது 3,500 சுற்றில். அங்கே டைமிங் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். புல்லியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை வைத்து, சுற்றளவுக்கு வெட்டி, அதைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு 30 டிகிரி. டிடிசி குறியிலிருந்து (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) வலப்பக்கம் அந்த அளவு தள்ளி வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை 3,500 சுற்றுக்கு ஏற்றி டைமிங் லைட்டை அடித்தால், அந்தக் கோடு எஞ்சின் கேஸ் இணையும் கோட்டுக்கு நேராகவோ, ஓரிரு டிகிரி குறைவாகவோ நிற்க வேண்டும். 32-ஐத் தாண்டவே கூடாது. டைமிங் கூடினால் வேகம் கிடைத்தது போலத்தான் இருக்கும், ஹெட்டின் சூடும் கூடவே ஏறும்.

கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம். எஞ்சின் சூடாக, திராட்டில் முழுக்கத் திறந்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். 110 முதல் 130 பிஎஸ்ஐ வந்தால் நல்ல எஞ்சின். சிலிண்டருக்குச் சிலிண்டர் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், இதுவரை சொன்ன எதனாலும் அது சரியாகாது, ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியான பிறகு இரட்டைக் கார்புரேட்டர் மாட்டினால், நடு வேகத்தில் நல்ல பிக்கப் கிடைக்கும். நடுவில் ஒற்றைக் கார்புரேட்டர் இருக்கும்போது நீண்ட மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டருக்குப் போகும் குழாய்) பெட்ரோல் குளிர்ந்து படிகிறது. இரட்டையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், உச்ச சக்தியில் கூடுவது சில குதிரைத்திறன்தான்.

கேள்வி: 110-இல் நிதானமாகப் போக எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

காற்றைத் தள்ளுவதற்கான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும். 100-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றுக்கு ஆகும் சக்தியோ 1.73 மடங்கு. சாமான்களோடு 1,800 கிலோ இருக்கும் வேனுக்கு, டயர் உருளுவதற்கும் கியர்பாக்ஸில் வீணாவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 100-க்குச் சுமார் 36, 110-க்கு 45, 120-க்கு 56 குதிரைத்திறன் எஞ்சினில் தேவை. எதிர்காற்றும் ஏற்றமும் இதற்கு மேல்.

அதாவது, 1600 எஞ்சினை 110-இல் ஓட்டுவது அதன் மூச்சு முட்டும் எல்லையில் ஓட்டுவது. கையிருப்பாக 20 குதிரைத்திறன் இருந்தால்தான் நிதானம் என்ற சொல் பொருந்தும். கூரை மேல் பெட்டியும் சைக்கிளும் இருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள், செலவே இல்லாமல் கிடைக்கும் சக்தி அது.

கேள்வி: 1776 சிசி ஆக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். என்னென்ன பாகம், எங்கே தவறு நடக்கும்?

நல்ல முடிவு. கனமான வேனுக்கு அதிகச் சுற்றை விட அதிகக் கொள்ளளவுதான் உதவும். 69 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் நகரும் தூரம்) அப்படியே வைத்துக்கொண்டு, 85.5 போரை (சிலிண்டரின் விட்டம்) 90.5 ஆக்கினால் 1776 வரும். ஒழுங்காகக் கட்டினால் 65 முதல் 75 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம்.

கேஸைக் கடையாமல் அப்படியே செருகக்கூடிய 87, 88 மில்லிமீட்டர் சிலிண்டர்களையும் விற்பார்கள். அவற்றைத் தொடாதீர்கள். சுவர் மெலிதாக இருப்பதால் சூட்டில் வட்டம் கெட்டு, ரிங் அடைக்காமல் போகும். 90.5-க்குக் கேஸையும் ஹெட்டையும் கடைந்தாக வேண்டும், அதனால் எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் மெயின் பேரிங் உட்காரும் இடத்தை அளக்கச் சொல்லுங்கள். அது நெளிந்திருந்தால் லைன் போர் (அந்த இடங்களை ஒரே நேராகக் கடைவது) செய்யாமல் மேலே போகக் கூடாது. ஹெட் ஸ்டட் பிடிக்கும் துளைகளில் இரும்பு இன்ஸர்ட் போட்டுவிடுங்கள்; மெக்னீசியம் கேஸில் மரை பிய்த்துக்கொண்டு வருவது சகஜம்.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டில் ஆசைப்படாதீர்கள். வால்வை 276 டிகிரி அளவுக்குத் திறந்து வைக்கும் மிதமான கேம், எங்கிள் டபிள்யூ100 மாதிரி, போதும். அதற்கு மேல் போனால் சக்தி 4,500 சுற்றுக்கு அப்பால் ஓடிவிடும். வேன் அங்கே போகவே போகாது. புதுக் கேமுக்குப் புது லிஃப்டர்தான் (கேமின் மேல் உரசி வால்வைத் தூக்கும் துண்டு), பழையதை மறுபடி போட்டால் கேமைத் தின்றுவிடும். ஆயில் பம்பும் அந்தக் கேமின் கியர் வடிவத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்: தட்டையா, குழிந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லோரும் தவறவிடும் இடம் கம்ப்ரஷன் விகிதம். ஒரு சிலிண்டர் 444 சிசி. ஹெட்டின் அறை 56 சிசி, பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடைவெளி 1.2 மில்லிமீட்டர் என்றால் அதில் 7.7 சிசி, மொத்தம் 63.7. விகிதம் 8.0, வேனுக்கு இதுவே உச்சம். அதே இடத்தில் 50 சிசி அறையுள்ள ஹெட் வந்தால் விகிதம் 8.7-க்குப் போய்விடும், ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்கும். ஆகவே, விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல், ஊசி சிரிஞ்சில் ஆயில் நிரப்பி நான்கு அறையையும் நீங்களே அளங்கள். இடைவெளி குறைந்தால் சிலிண்டருக்கு அடியில் ஷிம் போட்டுச் சரிசெய்யலாம்.

முடுக்கும்போது 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 25, 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர். கிராங்க் முன்பின் ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள். முதல்முறை ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாதீர்கள்: 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம் ஓட்டி, ஆயிலை வடித்து மாற்றுங்கள். கேமும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று படிவது அந்த நேரத்தில்தான். கார்புரேட்டர் ஜெட்டைக் காது வைத்து முடிவு செய்யாமல், சைலன்சரில் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டிப் பாருங்கள். முழுத் திராட்டிலில் காற்று - பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 12.8, சீரான ஓட்டத்தில் 13.5 முதல் 14.

கேள்வி: பெரிய எஞ்சின் போட்ட பிறகு நெடுஞ்சாலையில் ஆயில் 125 டிகிரி காட்டுகிறது. பெரிய ஆயில் கூலர் போட்டால் தீருமா?

தீரலாம், ஆனால் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 80 முதல் 100 டிகிரி இயல்பு, 110-இல் வேகத்தைக் குறையுங்கள், 120-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள்.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களையும், அவற்றுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் ரப்பர் பட்டையையும் பாருங்கள். கீழே சைலன்சர் இருக்கிற பக்கம் கொதிக்கும் காற்று, மேலே ஃபேன் உறிஞ்சும் குளிர்ந்த காற்று. இரண்டையும் பிரிப்பது அந்த ரப்பர்தான். அது கிழிந்திருந்தால், ஃபேன் சூடான காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். ஹெட் அருகே இருக்கும் சின்னத் தகரங்கள் கழன்று காணாமல் போயிருப்பதும் உண்டு. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அமுங்க வேண்டும்.

1971-க்கு முந்தைய ஃபேன் உறையில் ஆயில் கூலர் உள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்து நிற்கும். கூலரை விலக்கித் தனி அறையில் வைத்த பிந்தைய உறையை மாட்டுங்கள். இதற்கப்புறமும் சூடு ஏறினால் ஆயில் முழுவதையும் வடிகட்டும் ஃபுல் ஃப்ளோ ஃபில்டரும், தெர்மோஸ்டாட் வைத்த வெளிக் கூலரும் போடலாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் போட்டால் குளிர்காலத்தில் ஆயில் சூடாகவே ஆகாது.

ஓட்டும் விதமும் உண்டு. ஃபேன் எஞ்சினோடு சுற்றுகிறது. டாப் கியரில் 2,300 சுற்றில் முழுக்க மிதித்து ஏற்றம் ஏறினால், சூடு முழுசாக, காற்று பாதியாக இருக்கும். 3,000-க்குக் கீழே இறங்குகிறது என்றால் மூன்றாம் கியருக்கு வாருங்கள்.

கேள்வி: எஞ்சின் கத்துகிறது. டயரையோ கியரையோ மாற்றிச் சுற்றைக் குறைக்கலாமா?

உங்கள் பின் கியர் (ரிவர்ஸ் அல்ல, பின் அச்சின் டிஃபரன்ஷியல் விகிதம்) 5.375, டாப் கியர் 0.82 என்றால் பெருக்குத்தொகை 4.41. 185ஆர்14 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.98 மீட்டர் போகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 840 சுற்று, எஞ்சின் 3,700. தொழிற்சாலை வேண்டுமென்றே இப்படி வைத்தது: 1600-இன் சக்தி உச்சத்தை நெருங்கும் இடம் அதுதான். சுற்றைக் குறைத்தால் 1600 இழுக்காது. வண்டி டாப் கியரில் நிற்கவே நிற்காது.

1776 அல்லது இரண்டு லிட்டர் எஞ்சின் இருந்தால் கணக்கு மாறும். 4.86 பின் கியர் உள்ள கியர்பாக்ஸில் அதே 100-க்கு 3,350 சுற்று போதும். மறுபக்கம், முதல் கியரும் அதே அளவு நீண்டுவிடும். செங்குத்தான மேட்டில் முழுப் பாரத்தோடு கிளம்ப கிளட்ச் கருகும். மலையிலேயே அதிகம் ஓடுபவர்கள் நாலாம் கியரை மட்டும் மாற்றுவது நல்லது. டயரை உயரமாக்கும்போது கார் டயரை மாட்டிவிடாதீர்கள். "சி" குறி உள்ள பாரம் தாங்கும் டயர்தான், 185ஆர்14சி-க்குச் சுமைக் குறியீடு 102, ஒரு டயர் 850 கிலோ தாங்கும்.

கேள்வி: சுபாரு எஞ்சின் மாட்டலாமா?

இஜே22 எஞ்சின் 130-க்கு மேல் குதிரைத்திறன் தரும், அடாப்டர் தட்டு வைத்தால் கியர்பாக்ஸில் உட்காரும். வேலை அதோடு முடியாது. ரேடியேட்டர், நீளமான தண்ணீர்க் குழாய்கள், வெட்டிக் குறைத்த சம்ப், வயரிங், கம்ப்யூட்டர், பதிவுச் சான்றில் எஞ்சின் மாற்றம் எல்லாம் வேண்டும். பழைய கியர்பாக்ஸ் அந்த முறுக்கு விசையை மென்மையாக ஓட்டினால் மட்டுமே தாங்கும். 1979-க்குப் பிறகு வந்த சதுர வேனில், தண்ணீரில் குளிரும் மாடலாக இருந்தால், ரேடியேட்டர் முன்னாலேயே இருக்கிறது. அதில் செய்வது எளிது. பழைய வேனுக்கு எங்கள் பரிந்துரை, அதே குடும்பத்தின் 70 குதிரைத்திறன் இரண்டு லிட்டர் டைப் 4 எஞ்சின். அதைப் பின்னால் தாங்கும் குறுக்குச்சட்டம் உங்கள் பாடியில் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் வேலை, வேறு தகரம், வேறு சைலன்சர் எல்லாம் சேரும்.

கேள்வி: எஞ்சினைத் தொடும் முன் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

இரண்டு. 1971 மாடலுக்கு முந்தைய வேனில் முன் சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 110 ஓட்ட நினைத்தால் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடுங்கள். இரண்டாவது, பெட்ரோல் ஹோஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரில் விரிசல் விழவைக்கும். எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போட்டு, எல்லா முனையிலும் கிளாம்ப் முடுக்கி, ஃபில்டரை எஞ்சின் அறைக்கு வெளியே டேங்க் பக்கமாக மாற்றுங்கள். ஹோஸ் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கட்டும், கூர்மையான விளிம்பு அதை அறுத்துவிடும். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் அல்ல.