இரண்டு ஆஃபர் லெட்டர், ஒரு முடிவு: நிறுவனத்தின் உள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

உங்கள் மகள் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். ஒன்றில் சம்பளம் கூடுதல், நிறுவனத்தின் பெயரும் பெரியது. இன்னொன்றில் சம்பளம் குறைவு. ஆனால் அங்கே பணிச்சூழல் நன்றாக இருக்கிறது என்று அவர் பிடிவாதமாகச் சொல்கிறார். "சூழல் சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். போடும், ஆனால் நீங்கள் இருவரும் சூழல் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இயந்திரம், மென்பொருள், கட்டடம், அனுபவமுள்ள ஆட்கள் எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். போட்டியாளரும் வாங்குவார், முந்தியிருந்த இடைவெளி மூடிவிடும். நிர்வாகவியல் அறிஞர் ஜே பார்னி 1986-ல் எழுதிய கட்டுரையில், ஒரு நிறுவனத்தின் பண்பாடு, அதாவது அங்கே வேலை நடக்கும் விதம், நீடித்த போட்டிச் சாதகமாக வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் உண்டு என்றார். அது தொழிலுக்குப் பலன் தர வேண்டும், மற்ற இடங்களில் அரிதாக இருக்க வேண்டும், எளிதில் நகலெடுக்க முடியாததாக இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்கு மட்டம் போடுவதற்கும் தரக்குறைவுக்கும் பேர்போன ஆலை, 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள்தான், சங்கமும் அதேதான். மாறியது நடத்திய விதம். பிழையைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி லைன் நிற்கும். இழுத்தவரை யாரும் திட்டமாட்டார்கள். தரம் கிடுகிடுவென ஏறியது, மட்டம் போடுவது வெகுவாகக் குறைந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக முயன்று பல ஆண்டுகள் தடுமாறியது. கயிறு கட்டுவது சுலபம். இழுத்தால் மேலாளர் முறைக்கும் இடத்தில் அதை யார் தொடுவார்கள்?

நம்பிக்கை இல்லாத இடத்தில் செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். ஒரு சின்ன முடிவுக்கு ஐந்து பேர் ஒப்புதல், "நான் அப்போதே சொன்னேன்" என்று காட்டுவதற்காகவே எழுதப்படும் மின்னஞ்சல்கள், மூடிமறைத்த பிழை வாடிக்கையாளர் கையில் போய் வெடிப்பது. நிறுவனத்துக்கு இது நஷ்டம். புதிதாகச் சேர்கிறவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம், ஏனென்றால் அவர் தொழில் பழகுவதே கேட்டும் தவறு செய்தும்தான். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட பொருத்தமான விளக்கம்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கின் அழுத்தத்தில் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்தார்கள். 2016-ல் விஷயம் வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். பெரிய பெயர், நிலையான வேலை என்று நம்பிச் சேர்ந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பெற்றோர் 'பாதுகாப்பு' என்று நினைப்பது பல நேரம் பெயர்ப்பலகையின் அளவைத்தான்.

சரி, வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் எழுதிய கொள்கைகளை விட்டுவிடுங்கள். கணக்கு மோசடியில் சிக்கித் திவாலான அமெரிக்க நிறுவனம் என்ரானின் கொள்கைப் பட்டியலிலும் நேர்மை இருந்தது. விளையாட்டு மேஜையும் இலவச காபியும் வசதிகள், பண்பாடு அல்ல. "நாங்கள் ஒரே குடும்பம்" என்று நேர்காணலிலேயே சொன்னால், கூடுதல் நேர வேலைக்குக் கணக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மகளை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள், ஹெச்.ஆரிடம் அல்ல, நேரடி மேலாளராக வரப்போகிறவரிடம். இந்த இடம் ஏன் காலியானது? அண்மையில் குழுவில் யாராவது எதிர்த்துச் சொல்லி மாறிய முடிவு எது? புதியவர் பெரிய தவறு செய்தால் அடுத்த நாள் என்ன நடக்கும்? பதிலில் சம்பவம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். "எங்களிடம் எல்லாரும் சுதந்திரமாகப் பேசுவார்கள்" என்பது பதிலே அல்ல.

அடுத்து, அதே பிரிவில் வேலை பார்த்து விலகிய இருவரிடமும், இப்போது இருக்கும் ஒருவரிடமும் பேச வேண்டும். அதே பிரிவு என்பது முக்கியம்: ஒரே நிறுவனத்தில் மேலாளருக்கு மேலாளர் சூழல் மாறும். இணைய விமர்சனங்களில் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காமல், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே குறையைத் தேடுங்கள். ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து நட்சத்திரங்கள் என்றால், யாரோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

கேட்டதையெல்லாம் எடைபோட ஒரு அளவுகோல் உண்டு. நிர்வாகவியல் ஆய்வாளர்கள் மேயர், டேவிஸ், ஷோர்மன் மூவரும் 1995-ல் ஒருவரை நம்பத் தக்கவராக்கும் கூறுகளைத் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று பிரித்தார்கள். மேலாளருக்கு வேலை தெரியுமா? கீழே இருப்பவரின் நலனில் அக்கறை உண்டா? சொன்னதைச் செய்வாரா? மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலேயே மயங்கிவிடுகிறார்கள். இனிமையாகப் பேசும், ஆனால் வேலை தெரியாத மேலாளரிடம் இரண்டு வருடம் சுகமாகப் போகும். அடுத்த நேர்காணலில் சொல்ல ஒன்றும் இருக்காது. உங்கள் மகள் 'நல்ல சூழல்' என்று சொல்வது இந்த வகையா என்று மட்டும் விசாரியுங்கள்.

சம்பளத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. கல்விக் கடன் தவணை, வாடகை, போக்குவரத்து போக மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்காது என்றால் கூடுதல் சம்பளமே சரி. தவணையைச் சமாளிக்க முடியும் என்றால் வேலை பழக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் மொத்தத் தொகையைப் பார்க்காமல் நிலையான மாதச் சம்பளத்தை ஒப்பிடுங்கள். ஊக்கத்தொகை கடந்த ஆண்டு எத்தனை சதவீதம் கிடைத்தது என்று கேளுங்கள். நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமமா, பாண்ட் உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் பாருங்கள். வாய்மொழியாகச் சொன்ன ஒவ்வொன்றையும் கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தக் கேட்கட்டும். தர மறுத்தால், இன்னொரு ஆஃபரின் கெடு முடிவதற்குள் அங்கே பதில் அனுப்பிவிடலாம்.