கல்லின் மேல் கையின் வேகம்

கேள்வி: அமெரிக்க ஓவியர் சாம் ஃபிரான்சிஸின் அரூப வண்ண லித்தோகிராஃப்களில் (கல்லச்சுப் படங்களில்) மை தெறித்த வேகம் அப்படியே தெரிகிறது. ஆனால் லித்தோ என்பது நிறம் நிறமாகப் பொறுமையாக அச்சிடும் முறை. அப்படியானால் அந்த வேகம் பாவனைதானா? இவை ஏதோ ஓர் அசல் ஓவியத்தின் நகல்களா?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் இல்லை. 1790களின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறையில் செதுக்கும் வேலையே கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த மையால் ஓவியர் நேரடியாகத் தீட்டுகிறார். பிறகு வேலம்பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசிக் கல்லை ஈரப்படுத்தினால், தீட்டிய இடம் மட்டும் அச்சு மையை ஏற்கிறது, மற்ற இடம் விலக்குகிறது. உளியின் எதிர்ப்பு இல்லாததால், தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே வறண்டது என்பதுகூடக் கல்லில் தங்கிவிடுகிறது. நீர்த்த மை காய்ந்த இடத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். குளம் வற்றியபின் வண்டலில் தெரிவது போன்ற நெளிந்த வரிகள் இருக்கும். 1960இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓவியர் வில்லெம் டி கூனிங் தரை துடைக்கும் மாப்பைக் கொண்டே பெரிய கல்லில் தீட்டினார். உடல் முழுதும் இயங்கிய அந்த வீச்சைக் கருப்பு வெள்ளை அச்சிலும் காணலாம்.

வண்ணம் சேரும்போதுதான் விஷயம் இன்னும் சுவையாகிறது. நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். அது மஞ்சளாக அச்சாகப் போகிறதென்றாலும் நீலமாக அச்சாகப் போகிறதென்றாலும், கல்லில் தீட்டும்போது மை கருப்புதான். ஆகவே ஓவியர் தன் கண்ணுக்குத் தெரியாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கையை வீச வேண்டியிருக்கிறது. அதுவும் காகிதத்தில் இடவலமாகத் திரும்பியே விழும். ஒவ்வொரு வீச்சும் உண்மையில் ஒரு கணத்தில் நிகழ்ந்ததுதான், ஆனால் சிவப்புக்கும் நீலத்துக்குமான வீச்சுகள் ஒன்றையொன்று சந்திப்பது அச்சுப் பொறியின் அடியில்தான். அந்தச் சந்திப்பு அதற்கு முன் வேறெங்கும் இருந்ததில்லை என்பதால் நகல் என்ற சொல் இங்கே பொருந்தாது. 1960இல் சூரிச்சில் இதைக் கற்ற ஃபிரான்சிஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் ஓவியர் ஜூன் வெயின் நிறுவிய டாமரிண்ட் லித்தோ பட்டறையில் 1963இல் பணிபுரிந்தார். அவருடைய அச்சுகளில் நடுவே வெறுமையாக விடப்படும் வெள்ளை எனக்கு மிகவும் பிடித்தமானது. அது காகிதத்தின் வெள்ளையே, எந்தக் கல்லின் மையும் தொடாதது.

கேள்வி: இத்தகைய படங்களின் அடியில் பென்சிலால் 12/75 என்று எழுதுவது ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: அப்பதிப்பில் மொத்தம் 75 பிரதிகள் உள்ளன, இது அவற்றில் 12 என்று எண்ணிடப்பட்டது என்பதே பொருள். எண் சிறியதாக இருப்பதால் மட்டும் அச்சு சிறந்ததாகிவிடாது. எல்லாப் பிரதிகளும் ஓவியர் ஏற்ற மாதிரி அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், இல்லையெனில் பதிப்பில் சேர்க்கமாட்டார்கள். பதிப்பு முடிந்ததும் கல்லின் மேற்பரப்பைத் தேய்த்துப் படத்தை அழித்துவிட்டு, அதே கல்லை அடுத்த ஓவியருக்குக் கொடுப்பது வழக்கம்.