அரை மணி நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் மூன்று வண்டி

பஸ்ஸைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றால், கடிதங்கள் சுற்றிச் சுற்றி ஒரே புகாரில்தான் வந்து நிற்கின்றன: ஒரே நம்பர் வண்டிகள் ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருவது. இந்த முறை அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

டெர்மினஸிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றுதான் எடுக்கிறார்கள். நடுவழியில் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? டிராஃபிக்தானே காரணம்? (பெரம்பூர் வாசகர்)

டிராஃபிக் ஆரம்பித்து வைக்கும், அவ்வளவுதான். வளர்த்துவிடுவது நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம்.

ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 10 நிமிடம் கழித்து வரும் வண்டியில் 20 பேர் ஏறுவார்கள். அதே வண்டி சிக்னலில் மாட்டி 2 நிமிடம் தாமதமானால் 24 பேர். அந்த நாலு பேரால் இன்னும் 12 விநாடி போச்சு. அதன் பின்னால் நேரத்துக்கு வரும் வண்டிக்கோ 8 நிமிடக் கூட்டம்தான் மிச்சம். 16 பேரை ஏற்றிக்கொண்டு 12 விநாடி முன்னதாகவே கிளம்பிவிடும். ஆக ஒரே நிறுத்தத்தில் இரண்டுக்கும் நடுவே 24 விநாடி சுருங்கிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். பத்து நிறுத்தம் போவதற்குள் அந்த 2 நிமிடத் தாமதம் 5 நிமிடத்தைத் தாண்டிவிடும். முன்வண்டியில் படியில் தொங்குவார்கள், பின்வண்டியில் ஜன்னல் சீட்டே காலியாக இருக்கும்.

நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. யாருமே தப்புச் செய்யாவிட்டாலும் வண்டிகள் சேரும். யாராவது குறுக்கே வந்து பிரித்துவிட்டால்தான் பிரியும்.

மணிக்கு ஆறு வண்டி, சராசரியாக 5 நிமிடம் நின்றால் போதும் என்கிறார் டைம் கீப்பர். எனக்கு மட்டும் ஏன் அப்படி அமைவதில்லை? (தாம்பரம் வாசகி)

உங்கள் ராசியில் குறை ஒன்றுமில்லை. 20 நிமிடத்தில் இரண்டு வண்டி வர வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் மற்றது 2 நிமிடத்தில் வந்துவிட்டால், அடுத்ததற்கு 18 நிமிடம். நிறுத்தத்துக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிடத்துக்குள்தான் வந்து சேர்வார்கள். சராசரியாக 9 நிமிடம் நிற்பார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்துப் பார்த்தால் 8.2 நிமிடம். டைம் கீப்பர் நோட்டிலோ ஆறு டிரிப்பும் ஒழுங்காகப் போயிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, எண்ணுவதுதான் தப்பு.

லண்டனில் மணிக்கு ஐந்தோ அதற்கு மேலோ வண்டி ஓடும் தடங்களில், பயணி நிற்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாக நின்றார் என்பதைத்தான் அளக்கிறார்கள். 2001 முதல் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு இதைப் போன்ற அளவுகளை வைத்துத்தான் போனஸும் பிடித்தமும். சிங்கப்பூர் 2014இல் அந்த வழியைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியது. நம் போக்குவரத்துக் கழகங்கள் இன்றும் முதலில் பார்ப்பது ஓடிய கிலோமீட்டரை. ‘சென்னை பஸ்’ செயலி வந்த 2022 முதல் வண்டி எங்கே நிற்கிறது என்று பயணிக்கே தெரிகிறது. இடைவெளியைக் கணக்கெடுக்க அந்தத் தகவலே போதும். எடுக்கச் சொல்லி ஒரு உத்தரவுதான் வேண்டும்.

எங்கள் ஊர்த் தனியார் டவுன் பஸ்கள் கலெக்‌ஷனுக்காக ரேஸ் ஓட்டுகின்றன. பாட்டாவை எடுத்துவிட்டு மாதச் சம்பளம் கொடுத்தால் சரியாகிவிடாதா? (கோவை வாசகர்)

ரேஸ் நிற்கும், வண்டிகள் சேர்ந்துகொள்வது கூடும்! சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவில் இதைப் பார்த்தாகிவிட்டது. 2007இல் அங்கே அமைப்பையே மாற்றும்வரை பெரும்பாலான டிரைவர்களுக்கு ஏற்றிய ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. முக்கிய முனைகளில் கையில் நோட்டோடு சிலர் நிற்பார்கள். உன் நம்பர் வண்டி போய் இத்தனை நிமிடம் ஆச்சு என்று கத்திச் சொல்வார்கள், டிரைவர் சில்லறை கொடுப்பார். முன்வண்டி பக்கத்தில்தான் போகிறது என்றால் மெதுவாக விடுவார், நேரமாகிவிட்டது என்றால் அந்தக் கூட்டத்தைப் பின்வண்டிக்கு விடக் கூடாதென்று விரட்டுவார். பணம் கொடுத்து இடைவெளியை வாங்கினார்கள் என்றே சொல்லலாம்.

பின்னாளில் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சரான ஹுவான் கார்லோஸ் முன்யோஸும் வேறு இரு ஆய்வாளர்களும் இரு வகை டிரைவர்களையும் ஒப்பிட்டார்கள். சம்பள டிரைவர்களின் தடங்களில் பயணிகள் சுமார் 10 சதவீதம் கூடுதல் நேரம் நின்றார்கள். ஆனால் ஆள் கணக்கில் கூலி வாங்கியவர்கள் செய்த விபத்துகள் மிக அதிகம். அதனால் என் ஓட்டு சம்பளத்துக்குத்தான். அந்த நோட்டுக்காரர் வேலையை மட்டும் கழகமே ஆள் வைத்துச் செய்ய வேண்டும்.

வண்டியை நடு நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, இடைவெளியைச் சீராக்குகிறோம் என்கிறார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு எரிச்சலாக இருக்காதா? (லண்டன் வாசகர்)

இருக்கும். ஆனால் உள்ளே இருபது பேர் ஒரு நிமிடம் பொறுத்தால், இனி வரும் நிறுத்தங்களில் நிற்கும் நூறு பேருக்கு லாபம். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. டெர்மினஸ் உத்தமம், இல்லையென்றால் பெரும்பாலோர் இறங்கி வண்டி காலியாகும் இடம். நிறைந்த வண்டியைப் பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டுவது அராஜகம்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகப் பஸ்களில் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அட்டவணையையே தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். பின்னால் வரும் வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி முன்வண்டி குறித்த இடத்தில் நின்று போகும். அவ்வளவுதான் விதி. இடைவெளி தானாகவே சமமாகியது. 2012இல் வெளியிட்டார்கள். அடிக்கடி வண்டி வரும் தடத்தில் 8.42க்கா 8.47க்கா என்று எந்தப் பயணியும் பார்ப்பதில்லை, டிரைவரை மட்டும் ஏன் பார்க்கச் சொல்ல வேண்டும்?

வண்டிகளைக் கூட்டினால்? (சேலம் வாசகர்)

நெரிசல் குறையும், வண்டிகள் சேர்ந்துகொள்வது குறையாது. 4 நிமிட இடைவெளியில் ஓடும் வண்டிகள் ஒட்டிக்கொள்ள ஒரு சிக்னல் போதும்.

நம் ஊரில் கண்டக்டர் உள்ளேயே டிக்கெட் போடுகிறார். ஏறும் நேரம் மிச்சம்தானே? (மதுரை வாசகி)

மிச்சம்தான். டிரைவரிடம் காசு கொடுத்து ஏறும் ஊர்கள் இதற்காகவே பாடுபட்டன: சான் ஃபிரான்சிஸ்கோ 2012இல் எல்லாக் கதவிலும் ஏறவிட்டது, லண்டன் 2014இல் ரொக்கத்தையே நிறுத்தியது. நாம் அந்த லாபத்தை வேறிடத்தில் தொலைக்கிறோம். ஸ்டேஜ் முடிவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டுமென்று விசில் அடித்து வண்டியை ஓரங்கட்டுவார்களே, அந்த இரண்டு நிமிடம் முதல் கேள்வியில் சொன்ன அதே இரண்டு நிமிடம்தான்.

கடைசியாக ஒன்று: முதல் வண்டியில் ஏறுவதா, இரண்டாவதிலா? (அண்ணா நகர் வாசகர்)

பின்வண்டி கண்ணுக்குத் தெரிந்தால் அதிலேயே ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும், முன்வண்டியும் சீக்கிரம் கிளம்பும். டிரைவர் கெட்டிக்காரராக இருந்தால் அடுத்த நிறுத்தத்துக்கு முன்பே முந்திக்கொண்டு போய்விடுவார். அது நல்லதுதான், இரண்டும் மாறி மாறிக் கூட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் ஏறுமுன் போர்டைப் பார்த்துவிடுங்கள், கட் சர்வீஸாக இருக்கப் போகிறது.