பெரிய மின்காரா, சின்ன மின்காரா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, குழந்தை இருக்கையில் உட்காரும் வயதில் இரண்டு பிள்ளைகள், 70 வயதைக் கடந்த அம்மா. பழைய காரின் சிஓஇ (ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ்) இந்த ஆண்டு முடிகிறது. அடுத்தது மின்சாரக் கார்தான். எனக்கு பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் மாதிரி ஒரு சொகுசு எஸ்யூவி வாங்க ஆசை. மனைவியோ 44.9 கிலோவாட் மணி பேட்டரி உள்ள பிஒய்டி டால்ஃபின் போதும் என்கிறார். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுவோம், இரண்டு முறை கோலாலம்பூர் போய் வருவோம். எதை வாங்கலாம்?

பதில்: முதலில், மின்சாரச் செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள். டால்ஃபின் போன்ற சிறிய ஹேட்ச்பேக் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் (கிலோவாட் மணி) எடுக்கும், ஐஎக்ஸ் போன்ற இரண்டரை டன் எஸ்யூவி சுமார் 22 யூனிட். பொதுச் சார்ஜரில் யூனிட்டுக்கு 60 காசு என்று வைத்தால், உங்கள் 15,000 கிலோமீட்டருக்கு ஆண்டுச் செலவு சிறிய காருக்கு 1,350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எஸ்யூவிக்கு 1,980 வெள்ளி. வித்தியாசம் மாதம் ஐம்பத்து சொச்சம் வெள்ளிதான்.

சிஓஇ வித்தியாசமும் பலர் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. மின்சாரக் காரின் மோட்டார் திறன் 110 கிலோவாட்டுக்குள் இருந்தால் 'ஏ' பிரிவு, தாண்டினால் 'பி'. 2025 அக்டோபர் முதல் ஏலத்தில் 'ஏ' 128,105 வெள்ளிக்கும் 'பி' 141,000 வெள்ளிக்கும் போயின. இடைவெளி 13,000 வெள்ளிக்கும் குறைவு.

பணத்தை விழுங்குவது ஏஆர்எஃப் என்கிற கூடுதல் பதிவுக் கட்டணம். இது காரின் திறந்த சந்தை மதிப்பின் (வரிகள் சேர்வதற்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) மீது படிப்படியாக ஏறுகிறது: முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பிறகு 250, 80,000க்கு மேல் போனால் 320. சந்தை மதிப்பு 20,000 வெள்ளி உள்ள சிறிய காருக்கு ஏஆர்எஃப் 20,000. மதிப்பு 80,000 வெள்ளி உள்ள சொகுசு எஸ்யூவிக்கு 136,000. காரின் மதிப்பு நான்கு மடங்கு, வரியோ ஏறக்குறைய ஏழு மடங்கு! மின்சாரக் கார்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி சிறிய காரின் ஏஆர்எஃபில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். பெரிய காரில் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பத்து ஆண்டு முடிவதற்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால் ஏஆர்எஃபில் ஒரு பங்கு திரும்புமே என்று விற்பனையாளர் சொல்வார். திரும்பும், ஆனால் அந்தத் தொகைக்கு 2023 பிப்ரவரியில் உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். விலையுயர்ந்த காருக்குத்தான் இதில் அடி அதிகம். சிறிய காரிலும் ஒன்றைக் கவனியுங்கள்: தள்ளுபடி போக நீங்கள் உண்மையில் கட்டிய ஏஆர்எஃபை வைத்துத்தான் கணக்கு, ஆகவே திரும்பி வருவது சொற்பம். சின்னக் காரை 'பத்து ஆண்டு ஓட்டித் தீர்ப்பது' என்ற கணக்கிலேயே வாங்குங்கள்.

கடனிலும் வேறுபாடு உண்டு. சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை கடன், தாண்டினால் 60 விழுக்காடுதான். தவணைக் காலம் இரண்டுக்கும் அதிகபட்சம் 7 ஆண்டு. சாலை வரி காரின் திறனைப் பொறுத்தது. 70 கிலோவாட் காருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,330 வெள்ளி, 230 கிலோவாட்டுக்குச் சுமார் 2,260 வெள்ளி, அதற்கு மேல் இன்னும் செங்குத்தாக ஏறும். இரண்டிலும் 700 வெள்ளி நிலையான தொகை சேர்ந்திருக்கிறது.

இனி கார்நிறுத்துமிடம். விலையைவிட இதுதான் உங்கள் அன்றாட வாழ்க்கையைத் தொடும் விஷயம். இங்கே வழக்கமான ஒரு கார் இடம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ஐஎக்ஸ் ஏறக்குறைய 4.95 மீட்டர், ஆக மூக்கோ வாலோ கோட்டுக்கு வெளியே நிற்கும். அகலம் பக்கக் கண்ணாடி சேர்க்காமலே ஏறக்குறைய 1.97 மீட்டர். நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் 21 சென்டிமீட்டர்தான் மிச்சம். எஸ்யூவியின் இருக்கை உயரம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமல் ஏறலாம், உண்மைதான். ஆனால் கதவு பாதிகூடத் திறக்காத இடத்தில் அந்த உயரத்தால் என்ன பயன்? அம்மாவைப் பாதையிலேயே இறக்கிவிட்டுப் பிறகுதான் காரை உள்ளே விட வேண்டியிருக்கும். டால்ஃபினின் அகலம் 1.77 மீட்டர், பக்கத்துக்கு 31 சென்டிமீட்டர் கிடைக்கும்.

டால்ஃபினின் பலவீனம் பின் இருக்கை. இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவில் ஒரு பெரியவர் உட்கார்வது சிரமம். அம்மா முன்னிருக்கையில், உங்களில் ஒருவர் பின்னால் நடுவில் என்றுதான் அமையும். வாய்ப்பேச்சை நம்பாமல், உங்கள் இரண்டு குழந்தை இருக்கைகளையும் காட்சிக்கூடத்துக்கு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

மின்னேற்றம்: வீவக கார்நிறுத்துமிடச் சார்ஜர்கள் பெரும்பாலும் 7.4 கிலோவாட். வாரம் 290 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஹேட்ச்பேக்குக்கு அது சுமார் 43 யூனிட், வாரத்தில் இரண்டு மாலை, மும்மூன்று மணி நேரம். எஸ்யூவிக்கு 64 யூனிட், ஒன்பது மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுக்க. சில கார்நிறுத்துமிடங்களில் மூன்று சார்ஜர்கள்தான் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு அவை காலியாக இருக்கின்றனவா என்று ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

கோலாலம்பூர் பயணத்தில் மட்டும் எஸ்யூவிக்கு வெற்றி. 350 கிலோமீட்டரை 100 யூனிட்டுக்கு மேல் உள்ள பேட்டரி நிற்காமலே கடக்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் டால்ஃபின் 250 கிலோமீட்டரை ஒட்டித்தான் ஓடும். வழியில் ஒருமுறை நிறுத்தி முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். வழியில் உள்ள தங்காக்கில் 180 கிலோவாட் விரைவுச் சார்ஜர் இருக்கிறது, ஆனால் இந்த டால்ஃபின் 60 கிலோவாட்டுக்கு மேல் உள்வாங்காது. பிள்ளைகளோடு போகிறவர்கள் எப்படியும் சாப்பிட நிற்பார்கள். ஆண்டுக்கு இரண்டு பயணத்துக்காக மற்ற நாட்களையெல்லாம் பெரிய காரோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

எங்கள் கருத்து: மனைவி சொல்வதே சரி. பின் இருக்கை இடித்தால் ஐஎக்ஸுக்குத் தாவ வேண்டாம். 110 கிலோவாட்டுக்குள் திறன் குறைத்து 'ஏ' பிரிவில் விற்கப்படும் நடுத்தர எஸ்யூவிகளைப் பாருங்கள். பிஒய்டி ஆட்டோ 3 கூட 100 கிலோவாட் வடிவில் வந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் ஒரு வரியை எழுத்தில் கேளுங்கள். மின்சாரக் கார்களுக்கான தள்ளுபடி 2025-இல் அதிகபட்சம் 40,000 வெள்ளி, 2026-இல் 30,000, 2027-இல் 20,000. ஏலத்தில் சிஓஇ கிடைக்காமல் பதிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனால் அந்த 10,000 வெள்ளியை யார் ஏற்பது?

கேள்வி: பேட்டரியை 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்கள். சிலர் 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். எது சரி? (ஈசூன் வாசகர்)

பதில்: இரண்டும் சரி, பேட்டரி வகைதான் வேறு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அதனால் மீதம் எவ்வளவு என்பதைக் கார் கணிக்கத் தடுமாறும். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும், இல்லாவிட்டால் திரையில் 15 விழுக்காடு காட்டும்போதே திடீரென்று சரியலாம். நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகைக்கு முழுக்க ஏறிய நிலையில் வெயிலில் நிற்பதுதான் எதிரி. அன்றாடம் 80 போதும், நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. உங்கள் காரில் எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு வகையும் வருவதுண்டு.

கேள்வி: மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தோம். கார் திறக்கவே இல்லை. பெரிய பேட்டரியில் 60 விழுக்காடு இருந்ததே? (தெம்பனீஸ் வாசகர்)

பதில்: கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் 12 வோல்ட் சிறிய பேட்டரியில்தான் இயங்குகின்றன. அது இறங்கினால் பெரியதில் மின்சாரம் இருந்தும் பயனில்லை. கைப்பேசிச் செயலியில் அடிக்கடி காரைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அது விழித்துக்கொண்டு மின்சாரத்தைத் தின்னும். கண்காணிப்புக் கேமராவும் அப்படியே. சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, கையேட்டில் காட்டிய முனையில் 12 வோல்ட் பூஸ்டர் கொடுங்கள். கார் 'ரெடி' நிலைக்கு வந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், பெரிய பேட்டரி சிறியதை நிரப்பும். மறுபடியும் இறங்கினால் சிறிய பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: சிராங்கூனில் தரைவீடு. இணையத்தில் மலிவாக ஒரு சார்ஜர் பார்த்தேன், வாங்கி மாட்டலாமா? (சிராங்கூன் வாசகர்)

பதில்: வேண்டாம். 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முத்திரை உள்ள சார்ஜரை மட்டுமே பொருத்தலாம். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து உங்கள் வீட்டு இணைப்பைப் பார்க்கட்டும். ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு என்றால் 7.4 கிலோவாட் சார்ஜர் மட்டுமே 32 ஆம்பியர் இழுக்கும். நான்கு குளிர்சாதனங்களும் தண்ணீர்ச் சூடேற்றியும் சேர்ந்து ஓடினால் முதன்மைச் சுவிட்ச் விழும். வீட்டுப் பயன்பாட்டைப் பார்த்துத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி உள்ள சார்ஜராகக் கேளுங்கள்.